ம் கொட்டும் கூரை

கதை சொல்கிறவருக்கு ம் கொட்ட ஓர் ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். ம் நின்றுபோனால் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம். கதையும் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஆளில்லாத இடத்தில் கதை சொல்லக்கூடாது என்றும் சொல்வார்கள். சொன்னால் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்து ம் கொட்டுமாம். சின்ன வயதில் நம்பினேன், பிறகு விட்டுவிட்டேன், விட்டதையும் மறந்துவிட்டேன்.

மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில், திருப்பதி பஸ் நிலையத்துக்கு எதிரே சர்பத் குடித்துக்கொண்டு நின்றபோது அக்கா போன் செய்தாள்.

“டேய், கூரை ம் கொட்டுதுடா.”

“இன்னா கொட்டுது? காரையா?”

“காரையும்தான் கொட்டுது. நான் சொல்றது ம்மு. பசங்களுக்கு நரிக்கதை சொல்லிக்கினு இருந்தேன். மூச்சு வாங்க நிறுத்தினேன். மேலேர்ந்து ‘ம்’முன்னுது.”

“காத்துக்கா.”

“காத்துன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கி வரைக்கும் பசங்களும் சிரிச்சிக்கினுதான் கீறாங்க. வீட்டுக்குப் போய் சொல்லாம இருக்கணுமே.”

அக்கா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒரே தமிழ் டீச்சர். நாகலாபுரம் சாலையிலிருந்து பிரிந்து மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் மண்பாதை முடிகிற இடத்தில் ஊர். ஊர் முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம். நாங்கள் இருவரும் படித்த கட்டடம்தான். நீளமாக ஒரே கூடம், முழங்கை நீளத்துக்குக் கனத்த சுவர், தேக்கு உத்திரங்கள், மேலே சுண்ணாம்புத் தளம். யார் கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆந்திர மாநிலத்துப் பள்ளிக்கூடம்தான், தெலுங்கும் உண்டு. ஆனால் ஒரு பிள்ளை தமிழில் அ எழுதிப் பழக அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். சொல்லாமல் இருப்பார்களா? அடுத்த வாரமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரத்தில் கூடத்தின் மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்குத் தளத்தின் அடிச்செங்கல் பெயர்ந்து விழுந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் எதிர் வீட்டு அத்தை. அண்ணாந்து பார்த்தாள். விழுந்த இடத்தில், சட்டங்களுக்கு நடுவே, வரிசை வரிசையாகக் கறுத்த பானைகள், வாய் கீழே பார்க்கக் கவிழ்ந்திருந்தன.

“தாழி!” என்று கத்தினாளாம் அத்தை. அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

எங்கள் நிலங்களில் மாங்கன்றுக்குக் குழி தோண்டினால் சில சமயம் தாழி தட்டுப்படும். எந்தக் காலத்து மனிதர்களோ தங்கள் செத்தவர்களைப் பானையில் வைத்துப் புதைத்தது. பார்த்தவுடன் கற்பூரம் ஏற்றி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேறு இடத்தில் குழி போடுவார்கள். அத்தையின் தோப்பிலேயே முன்பு ஒன்று கிடைத்திருக்கிறது. ஆகவே தாழி எது என்று அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடக் கூரையில் செத்தவர்கள் தலைகீழாக இருக்கிறார்கள், டீச்சர் கதை சொல்லும்போது ம் கொட்டுவது அவர்கள்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

“எம்புள்ள பொணத்துக்குக் கீழ ஒக்காந்து படிக்கணுமா டீச்சர்? உன் புள்ளையா இருந்தா ஒக்கார வெப்பியா?” என்று ஒரு தாய் கேட்டாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கேட்டவளுக்கும் அது தெரியும்.

அக்கா பிள்ளைகளைப் புங்கமரத்தடிக்கு மாற்றினாள். அங்கேயும் வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக ஹைவேப் பக்கம் போகும் ஆட்டோவில் ஏறிக்கொண்டது. மண்டலக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆபிசர் வந்தார். நல்ல மனிதர், வரும்போது பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கி வந்தார். மரத்தடியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்.

“பில்லலு லேரு, பில்டிங் எந்துகு மேடம்?”

பிள்ளைகளே இல்லை, கட்டடம் எதற்கு. கோடையில் இடித்துவிடலாம், மிச்சமிருக்கிற பிள்ளைகளை ஹைவே ஸ்கூலில் சேர்த்துவிடலாம் என்றார். ஹைவே ஸ்கூலில் தமிழ் கிடையாது. அக்கா, லீவு முடிகிற வரைக்கும் நேரம் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஸ்கூல் திறக்கிற அன்று தான் வருவதாகவும், தளம் சரியாக இருக்க வேண்டும், அதற்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். “ரெண்டூ காவாலி மேடம்.” இரண்டும் வேண்டும்.

அன்று போனில் அக்கா சிரிக்கவில்லை. “பேச்சு எங்கியும் போகாதுடா. வூட்ல பேசிக்கினுதான் இருப்பாங்க. எழுத்து போயிடும். அந்தப் பலகையில கடைசியா தமிழ் எழுதின ஆளு நானா இருக்கக் கூடாது. வா நீ.”

சித்திரையில் போனேன். எனக்கு எந்த ஊரிலும் கால் தங்காது. வேலையை விடுவதும் பிடிப்பதுமாக இந்த வயது வரை வந்துவிட்டேன். அதனால் கூப்பிட்டால் வரக்கூடிய ஆளாக எப்போதும் நான்தான் இருந்திருக்கிறேன்.

முதல் நாள் உச்சி வெயிலில் தனியாக உள்ளே போனேன். வெளியே காக்கைகள் அலகைத் திறந்தபடி கிளைகளில் உட்கார்ந்திருந்தன. உள்ளே குளிர்ந்திருந்தது. நிழலின் குளிர்ச்சி என்று சொல்ல முடியாது, பாழுங்கிணற்றுக்குள் தலையை நீட்டினால் முகத்தில் படுமே, அது. பலகையில் பாதி அழித்த கூட்டல் கணக்கு. ஜன்னலடியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. மூலையில் மேலே அவை. வாய்கள். வேறு சொல் எனக்கு வரவில்லை. பெரிய வாய், சின்ன வாய், விளிம்பு உடைந்த வாய். எல்லாம் கீழே பார்த்து, எதற்காகவோ காத்துக்கொண்டு.

மலைப்பக்கமிருந்து காற்று எழுந்தது. தளத்தின் மேல் எங்கோ இருந்த விரிசல் வழியாக அது உள்ளே இறங்குவதை என்னால் பின்தொடர முடிந்தது. முதலில் ஒரு பானை, அப்புறம் அதன் பக்கத்துப் பானை. உதட்டை மூடிக்கொண்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருப்பது போல ஓர் ஓசை. பாட்டில் வாயில் ஊதினால் வருகிற ஓசைதான் இது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசல் பக்கமாக ஓரடி நகர்ந்துகொண்டேன்.

சோதித்துப் பார்க்க, “ஒரு ஊர்ல ஒரு நரி,” என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பையன் குரலாகக் கேட்டது. காத்திருந்தேன்.

“ம்.”

இரண்டாவது வரியைச் சொல்லவில்லை. சொன்னால் முடிக்க வேண்டியிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு நிற்க, கொஞ்ச நேரம் கழித்து, அப்புறம் என்று கேட்பது போல, இன்னொரு தடவை வந்தது. “ம்?”

வெளியே வந்தபோது எதிர் வீட்டு வாசற்படியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். முறம் நிறையப் புளி. கை அதில் இல்லை.

“கேட்டுச்சா?”

“காத்து அத்த.”

“காத்துக்குக் கத எதுக்குடா?” என்றாள்.

*

புத்தூர்ப் பக்கமிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை அக்கா பிடித்து வந்தாள். சாமானும் கூலியும் பழைய மாணவர்கள் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். கொத்தனார் ஏணியில் ஏறி, மூலைக்குள் தலையை விட்டார். அந்நேரம் பார்த்துக் காற்று வீசியது. ஏறியதைவிட வேகமாக இறங்கினார்.

“டீச்சர், நாங்க கட்டற ஆளுங்க. ஓட்டற ஆளுங்க இல்ல. அதுக்கு வேற ஆளு கீறாங்க.”

“ஒரு பானைய மட்டும் எறக்கிக் குடு, போதும்.”

“நானா? எம்பொண்டாட்டி கூப்பிட்டாவே ரெண்டாவது வாட்டிதான் ‘இன்னா’ங்கறேன். இது கூப்பிடாமயே பதில் சொல்லுது.”

அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இளகி நின்ற ஒரு பானையை இரண்டு கையாலும் ஏந்தி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எடுத்து வந்தாள். வெளியே வெயிலில் வைத்தோம். வயிறு முழுக்கப் புகைக்கரி. அக்கா கையை உள்ளே விட்டு, அடியை விரலால் தேய்த்து, விரலை மோந்தாள்.

“அடி புடிச்ச சோறு,” என்றாள்.

நானும் மோந்தேன். தூசியைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு, இருந்த மாதிரியும் இருந்தது.

அன்று முழுக்க அவள் ஏறி இறங்கி உடையாத பானைகளையெல்லாம் பார்த்தாள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒன்று சோற்றுப் பானை, ஒன்று குழம்புச் சட்டி, ஒன்று கழுத்து ஒடுங்கிய மோர்ப்பானை. ஒரே சூளையில் வாங்கியதாக இருந்தால் இப்படி இருக்காது. “வெயில் எறங்காம இருக்கப் பானைய கவுத்து வெச்சிக் கட்டுவாங்கன்னு கேட்டிருக்கேன்,” என்றார் கொத்தனார், தள்ளி நின்றபடி. “அது புதுப் பானையா இருக்கும்னு நெனச்சேன்.”

“ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அடுப்புல கருகினது,” என்றாள் அக்கா. “வூட்டுக்கு ஒண்ணு குடுத்திருக்காங்கடா. ஸ்கூல் கட்ட ஊரே பானை குடுத்திருக்கு.”

அது அவளுடைய ஊகம்தான். சொல்ல ஆளும் இல்லை, ஆதாரமும் இல்லை. ஊகத்தை ஊர் நம்புமா? ஊர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அக்கா நினைத்தாள். அந்தப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டாள். மறுநாள் உச்சி நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் மூன்று கல் கூட்டி, அதில் சோறு வைத்தாள்.

ஊர் வந்தது. பாதைக்கு அந்தப் பக்கம், அத்தை வீட்டு ஓரமாக, ஒரு கோடு போட்டது போல நின்றது. பானை முதலில் கசிந்தது, புஸ்ஸென்று தீயில் சொட்டியது, பிறகு கசிவு நின்றது. அத்தனை காலம் கவிழ்ந்திருந்த ஒன்று மறுபடி நிமிர்ந்து, வயிற்றில் தீயை வாங்கிக்கொண்டு, மெல்ல முனகத் தொடங்கியது. நுரை விளிம்பைத் தாண்டியபோது கூட்டத்தில் ஒரு பெண், “பொங்கிடுச்சி,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா தட்டில் போட்டு, மோர் ஊற்றி, வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

“நீயும் துன்றியா?” என்று கொத்தனாரைக் கேட்டாள்.

“நீ துன்னு டீச்சர். நான் பாத்துக்கினே கீறேன். எனக்குப் பாத்தாவே வயிறு ரொம்பிடும்.”

நான் சாப்பிட்டேன். சோறு சோறாகத்தான் இருந்தது. மண் வாசனை கொஞ்சம். விழுங்கும்போது மட்டும், கூடத்துக்குள்ளிருந்து காற்று ம் என்றது. எங்கள் இருவர் கையும் தட்டில் நின்றது.

“இன்னும் ரெண்டு மூணு நாளு போகட்டும்,” என்றாள் ஒருத்தி. “டீச்சர் எப்படி கீறாங்கன்னு பாத்துட்டு சொல்றோம்.”

“பாரு, பாரு. காச்சல் வந்தா உங்க வூட்லதான் வந்து படுப்பேன்.”

சிரித்தார்கள். கோடு கொஞ்சம் கலைந்தது. அப்போது அத்தை, இருந்த இடத்தை விட்டு அசையாமல், யாரையும் பார்க்காமல் சொன்னாள். “சோறு பொங்கின பானையில எலும்பு போடமாட்டாங்களா? சுடுகாட்டுக்குப் புதுப் பானையா எடுத்துக்கினு போறோம், எப்பவும்?”

சிரிப்பு நின்றுவிட்டது. கோடு மறுபடி கோடானது.

*

கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா வந்தது. எங்கள் ஊரில் அன்று வீட்டுக்கு ஒரு மண்பானை வெளியே வரும். வருஷம் முழுக்க அலுமினியத்திலும் குக்கரிலும் சமைக்கிறவர்களும் அன்றைக்கு மண்பானையில்தான் கூழ் காய்ச்ச வேண்டும்; மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, தலையில் தூக்கிப் போய் அம்மனுக்கு ஊற்ற வேண்டும். அம்மன் குடித்த பானையை அப்புறம் அடுப்பில் ஏற்றுவதில்லை. உடைப்பதும் இல்லை. வீட்டோரம் வேப்பமரத்தடியில் கவிழ்த்துவிடுவார்கள், வெயிலிலும் மழையிலும் அதுவாகக் கரையட்டும் என்று.

கவிழ்த்த பானைகள். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அக்கா தெருவில் நடந்து போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வீடு, மரத்தடிக்கு மரத்தடி, கரி படிந்த ஒரு பானை வாய் கீழாக.

மூலையில் உடைந்துபோன பானைகளின் இடத்தை நிரப்ப வேறு பானை தேவைப்பட்டது. செங்கல் வைத்து நிரப்பினால் அந்தப் பழைய உத்திரம் கனம் தாங்காது என்று கொத்தனார் சொல்லியிருந்தார். குயவரிடம் புதுப் பானை வாங்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா, “வாங்கின பானை வேணாம், வூட்டுப் பானை வேணும்,” என்று படியேறினாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி. “கங்கம்மா குடிச்ச பானைக்குக் கீழ ஒக்கார உம்புள்ளைக்குப் பயமா?”

அந்தக் கேள்விக்கு ஆம் என்று எப்படிச் சொல்வது? பிணத்தைப் பற்றிக் கேட்ட தாய்தான் முதல் பானையைக் கொண்டுவந்தாள். மஞ்சள் இன்னும் காயாத பானை. பிறகு வரிசையாக வந்தன. கொத்தனாருக்கே தைரியம் வந்து, தன் வீட்டுப் பானை ஒன்றை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். “எங்க ஊரு கங்கம்மாவும் ஒரு காவலுக்கு இருக்கட்டும்.”

நீறிய சுண்ணாம்பை அரைத்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாசனைக்கு எங்கிருந்தெல்லாமோ எறும்புகள் வந்தன, எறும்புகளுக்குப் பின்னால் பிள்ளைகள் வந்தார்கள். வாசல் வரைக்கும். உள்ளே கால் வைக்கவில்லை. பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சாந்து போட்டு, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் தளத்தைத் தட்டினார்கள். நான் அந்நேரம் கீழே, கூடத்தில் நின்றேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பானை பதில் சொல்லியது. அடிவயிற்றுக் குரல், மூக்குக் குரல், கிழட்டுக் குரல், பிள்ளைக் குரல். மேலே சிரித்துப் பேசிக்கொண்டு தட்டிய பெண்களுக்கு அது கேட்டிருக்காது. ஒரு கூட்டம் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுவதையும் ஒவ்வொருவராக எழுந்து நிற்பதையும் இருட்டில் கேட்பது போலிருந்தது. வெளியே நல்ல வெயில்.

எல்லாம் மூடிய பின்னும் ஒரே ஒரு பானைக்கு இடம் மிச்சமிருந்தது.

“செங்கல் வெச்சு அடைச்சிடவா டீச்சர்?”

“இரு. எதிர் வூட்டுது வரல.”

அத்தை கதவு சாத்தியிருந்தது. அக்கா போய்த் தட்டினாள், திறக்கவில்லை. பானை கொடுத்த பெண்களே சொன்னார்கள், “டீச்சர், நாங்க குடுத்துட்டோம். ஆனா அத்த வூட்டுப் பையன் மொதல்ல போகட்டும். அவங்க தோப்புலதான தாழி கெடச்சிது. அவங்களுக்குத்தான தெரியும்?” அத்தையின் பேரன் இரண்டாம் வகுப்பு. அவன் வந்தால் ஊர் வரும். வராவிட்டால் கூரை மட்டும் நிற்கும். ஆபிசர் இரண்டும் கேட்டிருந்தார்.

அந்த ஒற்றை ஓட்டை வழியாகக் காற்று இறங்கியது. முன்பு கூட்டமாக வந்தது இப்போது ஒரே குரலாக வந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஸ்கூல் திறப்பதற்கு முந்தின நாள். கொத்தனார் சாப்பிடப் போயிருந்தார். நானும் அக்காவும் பலகைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தோம். வாசலில் அத்தை. இத்தனை நாளில் முதல் தடவையாக உள்ளே கால் வைத்தாள். கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை.

“கூழ் பானை கேக்காத எங்கிட்ட,” என்றாள். “அது மரத்தடியிலயே கரையட்டும். இத வெச்சிக்கோ.”

பைக்குள் பழைய வேட்டித்துணி. துணிக்குள் உள்ளங்கையில் அடங்கும் அளவைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பானை. வெளியே பாதி சிவப்பு, பாதி கறுப்பு. உள்ளே முழுக்கக் கறுப்பு, எண்ணெய் தேய்த்தது போலப் பளபளப்பு. கரி இல்லை. அடுப்பைப் பார்க்காத பானை.

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்.

“குழி தோண்டும்போது பெருசு ஒண்ணு வந்துச்சில்ல, அதுக்குள்ள இருந்துச்சி,” என்றாள் அத்தை. “உங்க மாமா எல்லாத்தையும் மூடிடுன்னாரு. நான்தான் இத மட்டும் எடுத்து மடியில போட்டுக்கினேன். அழகா இருந்துச்சி. அவ்ளோதான். அந்த வருசமே மாமா போயிட்டாரு. தூக்கிப் போடவும் பயம், வெச்சிக்கவும் பயம். மாட்டுக் கொட்டாய் பரணையில இருந்துச்சி இத்தினி வருசமும். யாருக்கும் தெரியாது, எம்புள்ளைக்குக் கூட.”

மேலே ஓட்டையைப் பார்த்தாள்.

“அன்னிக்கி காரை விழுந்தப்போ அண்ணாந்து பாத்தேன். உள்ள எல்லாம் கறுப்பு. இதோட வாயேதான். அதான் கத்திட்டேன்.”

“அத்த, அதெல்லாம் சோத்துப் பானை. நான் பொங்கித் துன்னேனே,” என்றாள் அக்கா.

“சோத்துப் பானைதான். நம்பறேன். நீ துன்ன அன்னிக்கே நம்பிட்டேன். இது சோத்துப் பானை இல்ல. இது தனியா கீது. அதுங்க நடுவுல வெச்சிடு. இத்தினி வூட்டுப் பானைங்க கூட இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “நாளைக்கி எம்பேரன் மொதல்ல வருவான்,” என்றாள்.

பலகையில் பூசிய கரி அக்காவின் கையிலிருந்து முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது. கோடை முழுக்க அவள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: அங்கே செத்தவர்கள் யாரும் இல்லை. அதை மெய்ப்பிக்கத் தீயில் பானை வைத்தாள், வீடு வீடாகப் படியேறினாள். இப்போது பிள்ளைகள் உள்ளே வர வேண்டுமானால் அந்தச் சொல்லை அவளே தன் கையால் பொய்யாக்க வேண்டும்.

“நீ இன்னாடா சொல்ற?” என்று என்னைக் கேட்டாள்.

காற்று என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான். அது வெறும் மண்பானை, எங்கே வைத்தால் என்ன என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் பலகையில் விட்டுப்போன ஓர் இடத்துக்குக் கரி பூசினேன்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பானையை வாங்கினாள். உள்ளே மோந்து பார்த்தாள். எந்த வாசனையும் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அத்தை காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் நடை கொஞ்சம் வேறாக இருந்தது. ஒரு பக்கத்துச் சுமையை இறக்கினவர்கள் சில அடிக்கு மறுபக்கம் சாய்ந்து நடப்பார்களே, அப்படி.

கொத்தனார் பல்குத்திக்கொண்டு வந்தார். பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது யார் வூட்டுது டீச்சர்? பீங்கான் மாதிரி மின்னுது.”

“எதிர் வூட்டுது,” என்றாள் அக்கா.

பொய் இல்லை.

அவர் அதை வாய் கீழாக வைத்தார். சிறிய பானை என்பதால் சுற்றிலும் ஓட்டுச் சில்லுகளைச் செருகி, சாந்து போட்டுத் தட்டினார். பிறகு கீழே வந்து அடிச்செங்கலைப் பதித்தார். மலைக்காற்று அன்று காலையிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. ஒற்றைக் குரல் விடாமல் இருந்தது. கடைசிச் செங்கல் உள்ளே இறங்கியதும் அது நின்றது. தேய்ந்து நிற்கவில்லை. கதையின் நடுவே கேட்கிறவர் வாய் பொத்தப்பட்டது போல நின்றது. வெளியே மாவிலைகள் அசைந்தபடியே இருந்தன. கொத்தனார் பெருமையாக எங்களைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆபிசரின் வண்டி வந்தபோது ஊர் பாதைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. பிள்ளைகள் தாய்மார்களின் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அத்தையின் பேரன், தலையில் எண்ணெய் வழிய, புதுப் பையைத் தூக்கிக்கொண்டு, பாதையைத் தாண்டி, கூடத்துக்குள் ஓடி, பலகைக்கு நேர் எதிரே முதல் இடத்தைப் பிடித்தான். அந்த இடம் தன்னுடையது என்று இன்னொருவன் கத்திக்கொண்டு பின்னால் ஓடினான். அவ்வளவுதான். கோடு உடைந்துவிட்டது.

ஆபிசர் அண்ணாந்து பார்த்தார். குச்சியால் மூலையைத் தட்டிப் பார்த்தார். “பாகுந்தி மேடம், பாகுந்தி,” என்றார். நன்றாக இருக்கிறது என்றார்.

அவர் போன பின் அக்கா நரிக்கதையை எடுத்தாள். மாசியில் பாதியில் நின்ற கதை. பிள்ளைகள் ம் கொட்டினார்கள், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, தேவையில்லாத இடத்திலெல்லாம். நான் வெளியே ஜன்னலடியில் நின்று கேட்டேன். பாதைக்கு அப்பால் அத்தையும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மோவாயை மேலே உயர்த்தி, கூரையைக் காட்டி, புருவத்தால் கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகத்தில் வந்தது நிம்மதியா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பள்ளிக்கூடம் நடக்கிறது. அந்தப் பலகையில் தமிழ் இருக்கிறது. இதை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். “எழுது. ஊரு பேரு போடாத, எம்பேரும் போடாத. அந்தப் பானைக்கு ஒரு பேரா இருக்குது?” என்றாள். எங்கள் ஊரில் புத்தகம் வாங்குகிறவர்கள் நானும் அக்காவும்தான், அதனால் பயமில்லை.

போன வாரம் போயிருந்தேன். அக்கா வேறு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வரிக்கு வரி பிள்ளைகள் ம் கொட்ட, அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆனால் அவர்களுடைய ம் முடிந்த பிறகும் உடனே அடுத்த வரிக்குப் போவதில்லை. இன்னொருவருக்கும் நேரம் விடுவது போல, கொஞ்சம் நிறுத்துகிறாள். மணியடித்துப் பிள்ளைகள் ஓடிய பின் அது எதற்கு என்று கேட்டேன்.

“எதுடா?”

“நடுவுல நிறுத்துறியே.”

“பசங்க யோசிக்கட்டும்னு,” என்றாள், மேலே பார்க்காமல்.